சனத்துக்குக் கொடுத்த பாட்டு: பிறெடி மேர்க்குரியின் மேடைப் பதிவுகள்

2018 இல் வந்த ‘பொஹீமியன் ரப்சடி’ படத்தைப் பார்த்தவர்களுக்கு அதன் கடைசிப் பகுதி கட்டாயம் ஞாபகம் இருக்கும். குயீன் குழு உடைஞ்சு, ஆளுக்கொரு பக்கமாகப் போய், பிறகு லைவ் எய்ட் மேடைக்காகத் திரும்பச் சேர்வார்கள். பிறெடி தன் நோயைப் பற்றி மற்ற மூவருக்கும் சொல்லுவார். அதுக்குப் பிறகு வெம்ப்ளி மைதானம், கண்ணீர், கைதட்டல். நல்ல சினிமா. ஆனால் நடந்தது அப்படி இல்லை. லைவ் எய்ட் நடந்தது 1985 ஜூலை 13 இல். அதுக்கு இரண்டே மாதம் முந்தி, மே மாதத்தில், குயீன் ஜப்பானில் ஒரு நீண்ட சுற்றுப்பயணத்தை முடித்திருந்தது. அது உடைஞ்சுபோன குழு இல்லை, களைச்சுப்போன குழு. நோய் உறுதியானதும், அவருக்கு நெருங்கியவர்கள் பின்னர் சொன்ன கணக்குப்படி, 1987 அளவில்தான்.

சினிமாக்காரர் ஆண்டுகளை மாத்திறது புதுசில்லை, அதை விடுவம். ஆனால் படம் மாத்திச் சொன்னதை விட, சொல்லாமல் விட்ட ஒரு விஷயம் பெரிசு. 1984 ஒக்ரோபரில் இந்தக் குழு எங்கே நின்று பாடினது என்பது படத்தில் இல்லவே இல்லை. அதை இந்தக் கட்டுரையின் நடுவில் பேசுவம்.

நாங்கள் சில பேர் சேர்ந்து பிறெடி மேர்க்குரியின் மேடைப் பதிவுகளை 1974 இலிருந்து 1986 வரை ஆண்டு வரிசையில் கேட்டோம். யூரியூப் தன் இஷ்டத்துக்குத் தூக்கிப் போடுற ஒழுங்கில கேட்டால் பிடிபடாத ஒரு விஷயம், இப்படிக் கேட்கேக்க பிடிபட்டது. ஆரம்பப் பதிவுகளில் சனம் என்பது பாட்டு முடிஞ்ச பிறகு கேட்கிற இரைச்சல். பத்து வருசத்தில் அதே சனம் பாட்டுக்கு உள்ளே வந்துவிடுகிறது. கிற்றார், ட்றம்ஸ் மாதிரி அதுவும் ஒரு வாத்தியம் ஆகிறது. பிறெடியைப் பெரிய மேடைக் கலைஞர் ஆக்கினது அவருடைய குரல் மட்டும் இல்லை, பாட்டின் ஒரு பாதியைச் சனத்தின் கையில் கொடுக்கப் பழகினதுதான் என்பது எங்கட எண்ணம். அப்படியெண்டால் அந்தச் சனம் ஆர், மைதானத்துக்குள்ளே ஆரை விட்டார்கள், ஆரை விடவில்லை என்ற கேள்வியும் இசையைப் பற்றிய கேள்விதான்.

ஆளைப் பற்றிச் சுருக்கமாக. பிறந்த பெயர் பாரூக் பல்சாரா. 1946 செப்ரெம்பர் 5 இல் சன்சிபாரில், பார்சிக் குடும்பத்தில் பிறந்தார். தகப்பன் பிரித்தானியக் குடியேற்ற அரசில் காசாளர். 8 வயதில் பிள்ளையைக் கப்பலேத்தி இந்தியாவுக்கு, பம்பாய்க்குக் கிட்ட உள்ள பஞ்ச்கனி என்ற மலை ஊரின் விடுதிப் பாடசாலைக்கு அனுப்பிவிட்டார்கள். பியானோ பழகினதும், முதல் இசைக்குழுவில் வாசித்ததும் அங்கேதான். 1964 இல் சன்சிபாரில் புரட்சி வெடிச்சு, அரபு, இந்திய வம்சாவளிச் சனம் ஆயிரக்கணக்கில் கொல்லப்பட, குடும்பம் இங்கிலாந்துக்கு ஓடியது. ஆக, மேடையில் கிரீடத்தோடு நின்ற அந்த மனுசன், 17 வயதில் கலவரத்துக்குப் பயந்து வீட்டை விட்டுப் போன ஒருவர். பேட்டிகளில் இதை அவர் பெரிசாகப் பேசினதில்லை. 1970 இல் பிறையன் மேயும் றொஜர் ரெய்லரும் அவரும் சேர்ந்து குயீனைத் தொடங்கினார்கள். அடுத்த வருசம் ஜோன் டீக்கன் வந்து சேர நால்வர். கடைசி வரை அதே நால்வர்.

முதலில் குரல். ஸ்ரூடியோ அல்பங்களை மட்டும் கேட்டு வளர்ந்தவர்களுக்கு முதல் மேடைப் பதிவு கொஞ்சம் ஏமாற்றமாக இருக்கும். எங்களுக்கும் இருந்தது. ஸ்ரூடியோவில் மேலே ஏறிப் போகிற அதே இடத்தில், மேடையில் அவர் மெட்டைக் கீழே மடக்கிவிடுவார். உச்ச சுரங்கள் பலதை ட்றம்ஸ் அடிச்சுக்கொண்டே றொஜர் ரெய்லர்தான் பாடுவார். காரணம் சோம்பல் இல்லை. 70களிலேயே பிறெடிக்குக் குரல்நாணில் சின்னக் கட்டிகள் வந்துவிட்டன. 1975 இல் அமெரிக்காவில் சில நிகழ்ச்சிகளை அதுக்காகவே நிப்பாட்ட வேண்டி வந்தது. ஒரு நாள் விட்டு ஒரு நாள் இரண்டு மணித்தியாலம் பாடுகிற ஆள், ஸ்ரூடியோவில் பத்துத் தரம் முயன்று பிடித்த சுரத்தை ஒவ்வொரு இரவும் எடுக்கப் போனால் தொண்டை தாங்காது. 2016 இல் ஐரோப்பிய ஆய்வாளர்கள் சிலர் அவருடைய பேட்டிகளையும் பாட்டுகளையும் அளந்து பார்த்தார்கள். பேச்சுக் குரல் சாதாரணமான, கொஞ்சம் தடித்த ஆண்குரல்தான் என்றும், பாடும்போது வரும் நடுக்கம் மற்றப் பாடகர்களை விட வேகமானது என்றும் எழுதினார்கள். ரசிகர்கள் பெருமையாகச் சொல்கிற அந்த நாலு ஒக்ரேவ் கதையை அவர்களால் உறுதிப்படுத்த முடியவில்லை. எங்களுக்கு இது குறையாகத் தெரியேல்லை. கைக்கு எட்டாத சுரத்தைச் சுற்றி வேற வழி கண்டுபிடிக்கிற பாடகர், எல்லாம் எட்டுகிற பாடகரை விடக் கேட்கச் சுவாரசியமானவர்.

‘பொஹீமியன் ரப்சடி’ இதுக்கு நல்ல உதாரணம். ஸ்ரூடியோவில் மூன்று பேரின் குரலை மேல மேல அடுக்கிச் செய்த அந்த நடுப்பகுதியை, ஒப்பெரா மாதிரி வருகிற பகுதியை, நாலு பேர் மேடையில் பாடவே முடியாது. 1975 நத்தார் முதல் நாள் இரவு லண்டன் ஹமர்ஸ்மித் ஓடியனில் நடந்த நிகழ்ச்சியை பிபிசி நேரடியாக ஒளிபரப்பியது. அந்தப் பாட்டு பிரித்தானியாவில் முதலிடத்தில் இருந்த நாட்கள் அவை. அங்கே என்ன செய்தார்கள் தெரியுமோ? பாட்டைத் தொடங்கி, நடுப்பகுதிக்கு முதல் வேறு பாட்டுக்குத் தாவி, பிறகு சுற்றி வந்து முடிவைப் பாடினார்கள். பிறகு வந்த வருசங்களில் இன்னும் நேர்மையான வழி ஒன்று கண்டார்கள். நடுப்பகுதி வந்ததும் நாலு பேரும் மேடையை விட்டுப் போய்விடுவார்கள், ரேப் ஓடும், வெளிச்சம் மட்டும் ஆடும். பிறகு றொக் பகுதிக்கு ஓடி வருவார்கள். வாயசைத்துச் சனத்தை ஏமாத்தவில்லை. சனமும் அந்த வெறும் மேடையைப் பார்த்துக்கொண்டு ரேப்போடு சேர்ந்து பாடியது.

1974 றெயின்போ அரங்கு (2014 இல்தான் வெளியானது), 1975 ஓடியன் (2015 இல் வெளியானது) இரண்டிலும் பிறெடி ஒரு எதிரொலிக் கருவியை வைத்து விளையாடுவார். ஒரு சொல்லைப் பாட, கருவி அதைத் திருப்பிப் பாடும், அதுக்கு மேல அவர் இன்னொன்றைப் பாடுவார். தன்னோடு தானே பேசிக்கொள்கிற மாதிரி. கெட்டித்தனம்தான், ஆனால் சனம் அதில் வெறும் பார்வையாளர். இந்தக் கருவி பார்த்த வேலையைப் பின்னர் சனம் எடுத்துக்கொண்டது என்பதுதான் நாங்கள் சொல்ல வருகிற வரலாறு.

திருப்பம் எங்கே நடந்தது என்று பிறையன் மே பல தரம் சொல்லியிருக்கிறார். 1977 மே மாதம், ஸ்ராபோர்ட் நகருக்குக் கிட்ட உள்ள பிங்லி ஹோல். நிகழ்ச்சி முடிஞ்சு குழு உள்ளே போன பிறகும் சனம் கலையவில்லை. இங்கிலாந்தில் காற்பந்து ரசிகர்கள் மைதானத்தில் பாடுகிற பாட்டு ஒன்றை அத்தனை பேரும் சேர்ந்து மேடையைப் பார்த்துப் பாடத் தொடங்கினார்கள். அந்தக் காலத்து றொக் குழுக்களுக்கு இது பழக்கமில்லை. சனம் கேட்க வந்தது, கேட்டுவிட்டுப் போக வேணும், அவ்வளவுதான். நெருக்கியடிச்சு நிற்கிற கூட்டத்தால் என்ன செய்ய முடியும் என்று மே யோசித்தார். காலால் உதைக்கலாம், கை தட்டலாம், பாடலாம். அதிலிருந்து வந்தது ‘வீ வில் றொக் யூ’. அதே அனுபவத்திலிருந்து பிறெடி எழுதியது ‘வீ ஆர் த சம்பியன்ஸ்’. இரண்டும் அந்த வருசம் ஒக்ரோபரில் வெளிவந்தன. முதல் பாட்டில் பெரும்பகுதிக்கு வாத்தியமே இல்லை, உதையும் தட்டும்தான். சனத்துக்கு இடம் விட்டு எழுதின பாட்டு. இன்றைக்கு உலகத்தில் எந்த விளையாட்டு மைதானத்துக்குப் போனாலும், குயீன் ஆரெண்டு தெரியாத பிள்ளையும் அந்தத் தாளத்தைத் தட்டும்.

1979 இல் வந்த ‘லைவ் கில்லேர்ஸ்’ இரட்டை இசைத்தட்டு அந்த வருசத்து ஐரோப்பியப் பயணத்தில் பதிவானது. அதன் ஒலிக்கலவை குழுவுக்கே பிடிக்கவில்லை. கேட்டால் காரணம் விளங்கும். ஒரு தகரக் கொட்டிலுக்குள் பாடுகிற மாதிரி இருக்கும். ஆனால் அதில் ஒரு பாட்டுக்காகவே அந்தத் தட்டை வைத்திருக்கலாம். ‘லவ் ஒவ் மை லைவ்’. ஸ்ரூடியோவில் பியானோவும் ஹார்ப்பும் சேர்ந்த, கொஞ்சம் அலங்காரமான பாட்டு. மேடையில் மே ஒற்றைக் கிற்றாரோடு ஒரு கதிரையில் இருப்பார், பிறெடி பக்கத்தில். இரண்டாவது வரியிலேயே சனம் பாடத் தொடங்கும். பிறெடி நிப்பாட்டிவிட்டுக் கேட்பார். ஆறாயிரம் பாட்டுக்காரர் உள்ள ஒரு கோயில் பஜனை மாதிரி, ஆனால் மெதுவாக, ஒருத்தரையும் முந்தாமல். இந்த மேடைப் பதிவுதான் அர்ஜென்ரீனாவிலும் பிறேசிலிலும் பெரிய வெற்றி பெற்றது, ஸ்ரூடியோப் பதிவு இல்லை.

அந்த வெற்றிதான் 1981 இல் அவர்களைத் தென்னமெரிக்காவுக்குக் கொண்டுபோனது. பெப்ரவரி 28 தொடங்கி புவனஸ் ஐரிஸ், பிறகு மார்ச் 20, 21 இல் சாவோ பாவுலோவின் மொரும்பி மைதானம். இரண்டு இரவுகளில் 250,000 பேர் அளவில் வந்ததாகக் கணக்கு. ஆங்கிலம் தெரியாத சனம் அந்தப் பாட்டை முழுக்க ஆங்கிலத்தில் பாடிய பதிவுகள் தரம் குறைந்தவை, ஆனால் கேட்க மயிர்க்கூச்செறியும்.

அந்த நேரத்து அர்ஜென்ரீனாவை ஆண்டது 1976 இல் ஆட்சியைப் பிடித்த இராணுவம். அந்த ஆட்சியில் காணாமல் ஆக்கப்பட்டோர் 30,000 பேர் வரை என்று மனித உரிமை அமைப்புகள் சொல்கின்றன. 1977 இலிருந்து வெள்ளைத் துணியைத் தலையில் கட்டிக்கொண்டு தாய்மார் புவனஸ் ஐரிஸின் மே சதுக்கத்தில் சுற்றிச் சுற்றி நடந்தார்கள். ‘காணாமல் ஆக்கப்பட்டோர்’ என்ற சொல்லை எங்கட வாசகர்களுக்கு விளக்கத் தேவையில்லை. அந்த ஊரில், அந்தத் தாய்மார் நடக்கிற காலத்தில், குயீன் பாடியது சரியா? எங்களுக்குள்ளேயே இதில் ஒத்த கருத்து இல்லை. கூட்டம் கூடவே பயந்திருந்த இளைஞருக்கு ஒரு மைதானம் நிறைய ஒன்றாக நின்று பாடக் கிடைத்ததே என்று சிலர் சொன்னோம். இராணுவத்துக்கும் அது விளம்பரம்தானே என்று மற்றவர்கள். இரண்டும் உண்மையாக இருக்கலாம்.

ஆனால் 1984 வேறை.

சன் சிற்றி என்பது தென்னாபிரிக்காவில் ஒரு சூதாட்ட உல்லாச நகரம். அது நின்ற இடத்துக்குப் பெயர் போபுதட்சுவானா. நிறவெறி அரசு கறுப்பினச் சனத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து, ‘இது உங்கட நாடு, இனி நீங்கள் தென்னாபிரிக்கர் இல்லை’ என்று சொல்லி வெட்டிக் கொடுத்த நிலங்களில் ஒன்று. 1977 இல் அதுக்குச் சுதந்திரம் கொடுத்ததாக அறிவித்தார்கள். தென்னாபிரிக்காவையும் அது செய்த மற்றப் பொம்மை அரசுகளையும் தவிர உலகம் அதை ஒரு நாடாக ஏற்கவில்லை. வேற்று நாட்டுக் கலைஞர்களுக்குப் பெரிய காசு கொடுத்து சன் சிற்றிக்குக் கூப்பிட்டது, அந்தப் பொய்யை மெய்யாக்கத்தான். அதனால்தான் ஐ.நா. பொதுச்சபை 1980 இல் கலைஞர்கள் தென்னாபிரிக்காவைப் புறக்கணிக்க வேணும் என்று தீர்மானம் போட்டது. மீறியவர்களின் பெயர்ப் பட்டியலும் பின்னர் வந்தது. பிரித்தானிய இசைக்கலைஞர் சங்கமும் தன் உறுப்பினருக்குத் தடை விதித்திருந்தது.

குயீன் போனது 1984 ஒக்ரோபரில். அது என்ன மாதிரியான நேரம் என்று பாருங்கோ. ஒரு மாதம் முந்தி, செப்ரெம்பரில், புது அரசியல் யாப்பு நடைமுறைக்கு வந்தது. வெள்ளையருக்கு ஒரு சபை, கலப்பினத்தாருக்கு ஒன்று, இந்திய வம்சாவளியினருக்கு ஒன்று, பெரும்பான்மைக் கறுப்பினச் சனத்துக்கு ஒன்றும் இல்லை. செப்ரெம்பர் 3 இல் வால் பிரதேசக் கறுப்பின நகரங்களில் கிளர்ச்சி வெடித்தது, பொலிஸ் சுட்டது. குயீன் அங்கே நின்ற அதே ஒக்ரோபரில் டெஸ்மன்ட் டூட்டுவுக்கு நோபல் சமாதானப் பரிசு அறிவித்தார்கள். ஒன்றும் தெரியாமல் போனம் என்று சொல்ல ஏலாது.

இன்னொன்று. பிறெடி அந்த நாட்டில் பிறந்திருந்தால் சட்டம் அவரை எந்தப் பெட்டிக்குள் போட்டிருக்கும்? பார்சி, இந்திய வம்சாவளி. ‘ஆசியர்’ என்ற பெட்டிதான். 1860 இலிருந்து நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்குக் கொண்டுபோன தமிழரின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அதே பெட்டிக்குள்தான் இருந்தார்கள். வெள்ளையர் பகுதி என்று அறிவித்த தெருக்களிலிருந்து அவர்களை வீடு வாசலோடு கிளப்பினார்கள். சன்சிபாரிலிருந்து ஓடிவந்த குடும்பத்தின் பிள்ளைக்கு இது அந்நியமான கதை இல்லை.

குழுவின் பக்கத்து வாதம் இது: நாங்கள் அரசியல்காரர் இல்லை, கேட்க விரும்புகிறவர்களுக்காகப் பாடுகிறோம், சன் சிற்றியில் நிறம் பார்த்துப் பிரித்து இருத்துவதில்லை. கடைசி விஷயம் சட்டப்படி உண்மை. சூதாட்டத்துக்கும் கலந்திருக்கவும் அங்கே அனுமதி இருந்தது. ஆனால் அந்த உல்லாச நகரத்துக்கு வந்து ரிக்கெற் வாங்கிப் போகக்கூடிய கறுப்பினச் சனம் எத்தனை பேர்? கதவு திறந்துதான் கிடந்தது, வாசல் வரை வரத்தான் வழியில்லை. அர்ஜென்ரீனாவையும் இதையும் நாங்கள் பிரிச்சுப் பார்க்கிறதுக்குக் காரணம் உண்டு. இங்கே ஒடுக்கப்பட்ட சனமே, அவர்களுடைய இயக்கங்களே, தயவுசெய்து வராதேங்கோ என்று கேட்டிருந்தன. சனத்தைப் பாட்டுக்குள் கொண்டுவந்த பாடகர், சனம் சொன்னதைக் கேட்கவில்லை. எங்கட தீர்ப்பு இதுதான். பிறெடியை எவ்வளவு பிடித்தாலும் இதில் மாற்றமில்லை.

அங்கே அவருடைய தொண்டை கெட்டு, சில நிகழ்ச்சிகள் ரத்தானதும் நடந்தது. திரும்பி வந்ததும் சங்கம் அபராதம் போட்டது, ஐ.நா. பட்டியலில் பெயர் ஏறியது. தென்னாபிரிக்காவில் மட்டும் வெளியிட்ட ஒரு லைவ் இசைத்தட்டின் வருமானத்தைக் காது கேளாத, கண் தெரியாத பிள்ளைகளின் பாடசாலைக்குக் கொடுத்தார்கள். பிள்ளைகளுக்கு அது உதவியிருக்கும், மறுக்கேல்லை. கேள்வி அப்படியே நிற்கிறது. 1985 கடைசியில் ஸ்ரீவன் வான் சான்ட் என்ற அமெரிக்கக் கிற்றார்க்காரர் மைல்ஸ் டேவிஸ், புறூஸ் ஸ்பிறிங்ஸ்ரீன், பொப் டிலன், ரன் டிஎம்சி என்று பலரைச் சேர்த்து ‘சன் சிற்றி’ என்றே ஒரு பாட்டு வெளியிட்டார். அங்கே பாடமாட்டோம் என்பதுதான் பாட்டு.

குயீன் சன் சிற்றியை விட்டு வந்த கையோடு, ஒக்ரோபர் 23 இல், எதியோப்பியப் பஞ்சத்தைப் பற்றிய செய்தி பிபிசியில் ஒளிபரப்பானது. அதைப் பார்த்துத்தான் பொப் கெல்டோப் முதலில் பாண்ட் எய்ட் பாட்டையும், பிறகு லைவ் எய்ட் நிகழ்ச்சியையும் தொடங்கினார். பாண்ட் எய்ட் பாட்டில் குயீன் இல்லை. லைவ் எய்ட்டில் இருந்தார்கள். ஆபிரிக்காவின் ஒரு மூலையில் வாங்கின கெட்ட பெயர், ஆபிரிக்காவின் இன்னொரு மூலைக்காகப் பாடினதில் கழுவுப்பட்டது. இப்ப கன பேருக்கு முதலாவது தெரியாது, இரண்டாவது மட்டும் தெரியும்.

சரி, அந்த 21 நிமிசம். பின்னேரம் 6.41, இன்னும் வெயில். வெம்ப்ளியில் 72,000 பேர். அவர்கள் குயீனுக்காக ரிக்கெற் வாங்கின சனம் இல்லை என்பதை மறக்கக் கூடாது. மற்றவர்கள் வந்து வாசிச்சுப் போக, குயீன் மட்டும் ஒரு சின்னத் தியேட்டரை எடுத்து, நிமிசக் கணக்கு வைத்து ஒத்திகை பார்த்திருந்தது. புதுப் பாட்டு விற்க வரவில்லை. எல்லாருக்கும் தெரிஞ்ச பாட்டுகளை வெட்டிச் சுருக்கி, ஒன்றுக்குப் பின் ஒன்றாக. ‘பொஹீமியன் ரப்சடி’யில் பியானோப் பகுதி மட்டும், ரேப் தேவைப்படுகிற இடத்துக்கு முன்னமே வெட்டு. அடுத்தது றொஜர் ரெய்லர் எழுதிய ‘றேடியோ காகா’. அந்தப் பாட்டின் வீடியோவில் குயீன் ரசிகர் மன்றத்து ஆட்கள் இரண்டு கையையும் தூக்கித் தட்டுவார்கள். அதை ரிவியில் பார்த்த சனம், ஒருத்தரும் சொல்லாமலே, 72,000 சோடிக் கைகளை ஒரே நேரத்தில் தூக்கியது. மேலிருந்து எடுத்த அந்தக் காட்சியை ஒருக்கா பார்த்தவர் மறக்க மாட்டார்.

பிறகு வாத்தியமே இல்லாத அந்த இடம். பிறெடி ஒரு சுரத்தை இழுக்கிறார், சனம் திருப்பிப் பாடுது. கொஞ்சம் கடினமான ஒன்று, அதையும் பாடுது. பிறகு ஒரு நீண்ட சுரம், அவர் கண்ணை மூடிக்கொண்டு நிற்கிறார், சனமும் அந்த நீளத்துக்குப் பிடிக்கிறது. இது முன்பு எதிரொலிக் கருவியோடு விளையாடின அதே விளையாட்டு. அரை நிமிசம் அளவுதான், ஆனால் பத்து வருசப் பயிற்சி அதுக்குள்ள கிடக்கு. எங்களில் இசை பழகின ஒருவர் சொன்னார்: கச்சேரியில் பாடகர் ஒரு பிடி பாட வயலின்காரர் அதைத் திருப்பித் தருவாரே, அதைப் பழகாத 72,000 பேரிடம் வாங்கியிருக்கிறார். குரல் அண்டைக்கு மொறுமொறுத்துத்தான் இருந்தது. சுத்தமான குரலைக் கேட்க வேணுமெண்டால் இது இடமில்லை.

அதுக்கு மொன்றியலுக்குப் போங்கோ. 1981 நவம்பர் 24, 25 இல் படமாக்கப்பட்ட நிகழ்ச்சி, 2007 இல் ‘குயீன் றொக் மொன்றியல்’ என்று நல்ல தரத்தில் வந்தது. எங்கட பார்வையில் பிறெடியின் ஆகச் சிறந்த மேடைப் பதிவு இதுதான். பெரிய மைதானம் இல்லை, உள்ளரங்கு. நாலு பேர் மட்டும், மேலதிகக் கீபோர்ட்காரர் இல்லை. ‘சம்பொடி ரு லவ்’ பாட்டை ஸ்ரூடியோவில் மூன்று குரலை அடுக்கி அடுக்கி ஒரு தேவாலயப் பாடகர் கூட்டம் மாதிரி ஆக்கியிருந்தார்கள். இங்கே அந்த அடுக்கு இல்லை. அந்த வெறுமையை ஒற்றைக் குரல் நிரப்புகிறது, மெட்டை வளைச்சு, நிப்பாட்டி, திரும்பத் தொடங்கி. நிகழ்ச்சி முழுக்க ஒரு சின்னக் கோபம் ஓடுகிற மாதிரியும் இருக்கும், அது பாட்டுக்கு நல்லதாகவே போனது.

1986 பயணத்துக்கு வந்தால், அதிலிருந்து உடனே வெளியிட்ட ‘லைவ் மஜிக்’ அல்பத்தை வாங்கவே வேண்டாம். பாட்டுகளைக் கத்தரிக்கோலால் வெட்டியிருக்கிறார்கள். பிறெடி செத்த பிறகு, 1992 இல் வந்த ‘லைவ் அட் வெம்ப்ளி’ முழுமையானது, ஜூலை 12 நிகழ்ச்சி. மஞ்சள் மேலங்கி, முடிவில் கிரீடம், எல்லாரும் ரீசேர்ட்டில் போடுகிற படங்கள் அந்தப் பயணத்தில் எடுத்தவைதான். எங்களுக்கு அதை விட ஜூலை 27 புடாபெஸ்ற் நிகழ்ச்சியில்தான் மனம் நின்றது. சோவியத் பக்கத்து நாடு ஒன்றில், நெப் மைதானத்தில், 80,000 பேர் அளவில். ஹங்கேரியர் சின்ன வயதிலிருந்து பாடுகிற நாட்டார் பாட்டு ஒன்றை பிறெடி அவர்களுடைய மொழியில் பாடுகிறார். சொற்களை உள்ளங்கையில் எழுதி வைத்து, ஒளிக்காமல் பார்த்துப் பார்த்துப் பாடுகிறார். முதல் வரி வந்ததும் மைதானம் கத்தின கத்து, பிறகு அவரை விடச் சரியான உச்சரிப்பில் சனம் பாட்டை எடுத்துக்கொண்ட விதம். சாவோ பாவுலோவில் சனம் அவருடைய மொழியில் பாடியது. இங்கே அவர் சனத்தின் மொழிக்கு வந்தார்.

ஓகஸ்ட் 9 இல் நெப்வேர்த் வெளியில் அந்தப் பயணம் முடிந்தது. குயீனோடு அவர் பாடின கடைசி முழு நிகழ்ச்சி அதுதான். அடுத்த ஐந்து வருசத்துப் பாட்டுகள் ஒன்றுமே மேடைக்கு வரவில்லை. ‘த ஷோ மஸ்ற் கோ ஒன்’ பாட்டை நடக்கவே கஷ்டப்பட்ட நாட்களில் ஸ்ரூடியோவில் பாடினார். அந்தக் குரல் அவர் மேடையில் தவிர்த்த உச்சங்களுக்கெல்லாம் ஏறுகிறது. 1991 நவம்பர் 24 இல் இறந்தார். தனக்கு எயிட்ஸ் என்று உலகத்துக்கு அறிவித்தது அதுக்கு முதல் நாள்தான். 1992 ஏப்ரல் 20 இல் வெம்ப்ளியில் நடந்த அஞ்சலி நிகழ்ச்சியில் அந்தப் பாட்டை எல்ரன் ஜோன் பாடினார். பிறெடி அதைச் சனத்துக்கு முன்னால் ஒருநாளும் பாடினதில்லை.

2003 நவம்பர் 29 இல், நெல்சன் மண்டேலாவின் சிறை இலக்கமான 46664 என்ற பெயரில் எச்ஐவி விழிப்புணர்வுக்காகக் கேப் ரவுணில் ஒரு பெரிய நிகழ்ச்சி நடந்தது. பிறையன் மேயும் றொஜர் ரெய்லரும் அதை ஒழுங்கமைக்க உதவி, மேடையிலும் வாசித்தார்கள். சன் சிற்றிக்குப் போய் 19 வருசத்துக்குப் பிறகு, அதே நாட்டில், ரிக்கெற்றைத் தவிர வேறு எந்த அனுமதியும் தேவைப்படாத சனத்துக்கு முன்னால். பழைய கணக்கு அதோட தீர்ந்தது எண்டு நாங்கள் சொல்ல வரேல்லை. அந்தப் பதிவும் கிடைக்கும், கேட்டுப் பாருங்கோ. மொன்றியலையும் புடாபெஸ்றையும் கேட்ட பிறகு கேட்டால் நல்லது.